அத்தியாயம் 7: கம்பெனி பெயரும் கைக்கு வந்த வண்டியும்

ஓசூரில் வண்டி வாங்கக் கிளம்பினால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சித்தப்பா மகன் டிவிஎஸ்ஸில் இருப்பார். பக்கத்து வீட்டுப் பெண் போச்சம்பள்ளி ஓலா ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். கூடப் படித்தவர் ஏதரில் அசெம்பிளி லைனில் நிற்பார். நாடெங்கும் ஓடும் மூன்று பெரிய மின் ஸ்கூட்டர்கள் கிருஷ்ணகிரி என்ற ஒரே மாவட்டத்தில் தயாராகின்றன. 'நம்ம ஊர் வண்டி, நம்பி வாங்கலாம்' என்ற பேச்சு இங்கே இயல்பாக வருகிறது. அதே ஊரில்தான் சர்வீஸ் சென்டர் வாசலில் வாரக்கணக்கில் அலைந்தவர்களின் ஆதங்கத்தையும் கேட்க முடிகிறது.

இரண்டுமே உண்மைதான். கம்பெனி பெயர் என்பது லட்சம் வண்டிகளின் சராசரி. வாங்குபவருக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு வண்டி. அது கெட்டுப்போனால் பழுது பார்க்கப்போவதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு சர்வீஸ் சென்டர். ஆகவே வாங்குமுன் விசாரிக்க வேண்டியது அந்த சர்வீஸ் சென்டரை. வாங்கியபின் காப்பாற்ற வேண்டியது காகிதங்களை. மின் ஸ்கூட்டரை வைத்தே இந்த அத்தியாயம் பேசுகிறது என்றாலும், மின் ஸ்கூட்டருக்கே உரியவை தவிர மற்றதெல்லாம் காருக்கும் பொருந்தும்.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

டிவிஎஸ்ஸின் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டுடன் ஓசூரில் தொடங்கிய நிறுவனம் அது. தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் விருதை 2002-இல் பெற்றது. அப்படிப்பட்ட நிறுவனமே 2024-இல் சுமார் 45,000 ஐக்யூப் ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்து, சேசிஸில் உள்ள பிரிட்ஜ் டியூப்பைச் சோதித்தது. 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை தயாரான வண்டிகள் அவை. உலகத்திலேயே நம்பகமான கார் என்று பெயரெடுத்த டொயோட்டா, தானாக வேகமெடுக்கிறது என்ற புகாரை அடுத்து 2009, 2010 ஆண்டுகளில் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நிறுவனத் தலைவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ரீகால் செய்த கம்பெனி மோசம் என்று இதற்குப் பொருளில்லை. குறையைத் தானே கண்டுபிடித்து, எந்த மாதத்து வண்டி என்று சொல்லி, இலவசமாகச் சரிசெய்து தரும் கம்பெனியைக் கூடுதலாகவே நம்பலாம்.

ஓலாவின் கதை வேறு. போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் எழுந்த ஆலையிலிருந்து 2021 டிசம்பரில் டெலிவரி தொடங்கியது. 2024 ஏப்ரலில் நாட்டில் பதிவான மின் இருசக்கர வாகனங்களில் ஏறக்குறைய பாதி ஓலா. புகார்களும் அதே வேகத்தில் ஏறின. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 10,644 புகார்கள் வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் தந்தது. ஆணையம் அதோடு விடாமல் மேற்கொண்டு விசாரிக்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் விற்பனை முதலிடம் டிவிஎஸ்ஸுக்குப் போனது.

புகார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். அதிகம் விற்றவருக்கு அதிகம் புகார் வரும். கவனிக்க வேண்டியது, ஆட்கள் எதைப் பற்றிக் குமுறினார்கள் என்பதை. வண்டி ஓட்டம் பற்றிய குறைகளுக்கு இணையாக, சர்வீஸுக்கு விட்ட வண்டி திரும்பி வராதது, உதிரிபாகம் கிடைக்காதது, டெலிவரி தாமதம் ஆகியவையும் இருந்தன. டீலர் இல்லாமல் நேரடியாக விற்ற நிறுவனம் அது. விற்பனை ஓடிய வேகத்துக்குப் பட்டறையும் மெக்கானிக்கும் ஈடுகொடுக்கவில்லை. வாங்குபவர் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். வழி இதோ.

புகார்களை எடைபோடும் முறை

1. முதலில் மாடலைப் பிரியுங்கள். ஒரே பெயரில் மூன்று தலைமுறை வண்டிகள் விற்கப்பட்டிருக்கும். தயாரித்த மாதமும் வருடமும் தெரியாத புகாரை ஓரமாக வையுங்கள். உதாரணத்துக்கு, ஓலா எஸ்1 வண்டிகளில் முன் ஃபோர்க் உடைந்ததாக 2022-இல் புகார்கள் எழுந்தன. ஃபோர்க் பாதுகாப்பானதே என்று சொன்ன நிறுவனம், 2023 மார்ச்சில் புதிய வடிவ ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. செகண்ட் ஹேண்டில் அந்தக் காலத்து வண்டி வாங்குபவர் ஃபோர்க் மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். புது மாடல் வாங்குபவருக்கு அந்தப் பழைய புகார் பொருந்தாது.

2. குறையின் வகையைக் குறியுங்கள். உயிருக்கு ஆபத்தான குறை ஒரு வகை: பிரேக், ஃபோர்க், பேட்டரி சூடு, ஓடும்போது அணைந்துபோதல். இந்த வகையில் ஒரே குறையைப் பலர் சொன்னால் அந்த மாடலை விட்டுவிடுவதே நல்லது. பிளாஸ்டிக் பேனல் சத்தம், ஆப் திறக்கத் தாமதம் எல்லாம் வேறு கணக்கு.

3. குறை எத்தனை நாளில் தீர்ந்தது என்று தேடுங்கள். இதைச் சொல்லாத பாராட்டாலும் பயனில்லை, திட்டாலும் பயனில்லை.

4. வாங்கி ஒரு வாரத்தில் எழுதிய புகழுரையை நம்பாதீர்கள். 10,000 கிலோமீட்டர் தாண்டியவரின் சொல்லுக்கே எடை.

நேரில் விசாரிப்பது

கைபேசியில் இரவெல்லாம் வீடியோ பார்ப்பதைவிட, திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பது மேல். ஷோரூமுக்குப் போகுமுன் அங்கே போய்விடுங்கள்.

1. உள்ளே நிற்கும் வண்டிகளின் சீட்டைப் பாருங்கள். தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கும் வண்டி அதிகம் இருந்தால் உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

2. காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் உணவு டெலிவரி செய்கிறவர்களும்தான் சரியான சாட்சிகள். வண்டியைத் தினமும் கசக்கி ஓட்டுபவர்கள் அவர்கள். 'வண்டி எப்படி?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்றே பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'அண்ணே, கடைசியா எப்ப உள்ள விட்டீங்க? எத்தனை நாள்ல வெளிய வந்துச்சு?' அப்போது வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும்: 'ஓடுற வரைக்கும் தங்கமா ஓடுது தம்பி. கன்ட்ரோலர் போச்சு, பதினேழு நாள் பஸ்லதான் வேலைக்குப் போனேன்.'

3. சர்வீஸ் அட்வைசரிடம் மூன்று கேள்விகள்: இங்கே எத்தனை மெக்கானிக்? பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் வேலை இங்கேயே நடக்குமா, பெங்களூருக்கு அனுப்புவார்களா? வழியில் நின்றால் ஏற்றிவரும் வண்டி எங்கிருந்து வரும்?

4. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வசிப்பவர்கள் தங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள சென்டர் எது என்று தனியாக விசாரிக்க வேண்டும். ஓசூரில் நல்ல சென்டர் இருப்பதால் 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு என்ன லாபம்?

டெஸ்ட் ரைடில் செய்யும் தவறு

ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது சோதனையாகாது. இருவர் ஏறி, மேம்பாலம் ஒன்றும் மேடு பள்ளமான சாலை ஒன்றும் அடங்கும்படி ஓட்டுங்கள். ஏற்றத்தில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி எடுங்கள். மெதுவாகப் போகும்போது ஹேண்டிலைத் தளர்த்திப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

ரேஞ்ச் விஷயத்தில் இந்தப் பகுதிக்கென்றே ஒரு பொறி உண்டு. ஓசூர் மேட்டு நிலம். கிருஷ்ணகிரி அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. சூளகிரி வழியாக இறங்கிப் போகும்போது பேட்டரி மெல்லத்தான் குறையும். அதைப் பார்த்துவிட்டு 'கம்பெனி சொன்னதைவிட நல்லாவே கொடுக்குது' என்று நினைப்பவர் திரும்பி ஏறும்போது திகைத்துப் போவார். போக, வர இரண்டு பக்கமும் கணக்கிட்டால்தான் உண்மையான ரேஞ்ச் தெரியும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் இதே எச்சரிக்கை: விளம்பர ரேஞ்ச் சோதனைச் சூழலில் அளந்தது, வேகம் கூடினால் குறையும். ரேஞ்ச் குறைவு என்று வரும் புகார்களில் பல, வாங்கும்போது இந்தக் கணக்கைப் போடாததால் வந்தவை.

டெலிவரி நாள்

1. பகல் வெளிச்சத்தில் வண்டியை எடுங்கள். நல்ல நேரம் பார்ப்பவர்கள் பகலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

2. சேசிஸ் நம்பர், மோட்டார் நம்பர், பேட்டரி நம்பர் மூன்றையும் வண்டியில் பார்த்து இன்வாய்ஸுடன் ஒப்பிடுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள்.

3. தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். பல மாதம் யார்டில் சார்ஜ் இறங்கி நின்ற பேட்டரியைப் புது வண்டி விலைக்கு வாங்க வேண்டாம்.

4. வாரண்டியை வாயால் சொன்னால் போதாது, புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள். '8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர்' என்றால் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், சார்ஜர் வாரண்டியில் சேருமா, தண்ணீர் புகுந்தால் சேருமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

*எல்லையில் இருப்பவர்களுக்கு:* ஆஃபருக்காக பெங்களூரில் வாங்கும் ஓசூர்க்காரர்கள் ஏராளம். இன்வாய்ஸில் தமிழ்நாட்டு முகவரியைப் போடச் சொல்லுங்கள். தற்காலிகப் பதிவு எண்ணுடன் கொண்டுவந்து ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டிஎன் 70 எண் வாங்குவதே முறை. வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். பெங்களூர் ஷோரூம் தரும் வாரண்டியும் இலவச சர்வீஸும் ஓசூரில் செல்லுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைப்பது அவசியம்.

சார்ஜ் போடும் இடம்: இதில் சமரசம் வேண்டாம்

2022 மார்ச் இறுதியில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் சூழ்ந்த புகையில் தந்தையும் மகளும் இறந்தனர். அதே நாட்களில் புனேயில் ஓலா வண்டி ஒன்று சாலையோரம் எரிந்தது. அடுத்த மாதம் நிறுவனம் 1,441 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. இந்தத் தீ விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 பேட்டரித் தர விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்கு வந்தன. பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி எம்சிபியும் போடுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் முன்பணம் கொடுக்குமுன் வீட்டு உரிமையாளரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

2. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

3. மாடிப்படிக்குக் கீழும் வீட்டின் ஒரே வாசலை மறித்தும் நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்காது. கேஸ் சிலிண்டர் பக்கத்திலும் வேண்டாம்.

4. வெயிலில் ஓட்டி வந்ததும் பிளக்கைச் சொருக வேண்டாம். பேட்டரி ஆறட்டும்.

5. வண்டி கீழே விழுந்தாலோ, முழங்கால் தண்ணீரில் போனாலோ, பேட்டரி உறையைச் சோதித்த பிறகே சார்ஜ். 2022 மே மாதம் சென்னை ஏதர் ஷோரூமில் நடந்த தீ விபத்தில், விபத்துக்குள்ளாகி வந்த வண்டியின் பேட்டரி உறையில் இருந்த பிளவு வழியே தண்ணீர் புகுந்ததாக நிறுவனம் விளக்கியது. பிரஷர் வாஷ் அடிப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

6. புகை, சீறும் சத்தம், கருகிய வாடை எது வந்தாலும் வண்டியை நகர்த்த முயலாதீர்கள். கையெட்டும் தூரத்தில் புகைக்கு அப்பால் மெயின் சுவிட்ச் இருந்தால் மட்டும் அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். லித்தியம் பேட்டரி அணைந்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும்.

வண்டி மக்கர் செய்தால்

பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். குறை உண்மையாக இருந்தும் கையில் ஆதாரம் இருக்காது.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜூஜூவாடி தாண்டி வரும்போது 28 சதவீத சார்ஜ் காட்டிய வண்டி திடீரென்று அணைந்து, பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிப் போகிறது. மறுநாள் உரிமையாளர் சர்வீஸ் சென்டரில் நடந்ததையெல்லாம் பதறிச் சொல்கிறார். அட்வைசர் தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் தட்டுகிறார். கைபேசிக்கு ஓடிபி வருகிறது, உரிமையாளர் சொல்லிவிடுகிறார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று இரண்டே சொற்கள். இப்படி மூன்று தடவை நடந்தால், மூன்று முறை வழக்கமான சர்வீஸுக்கு வந்த வண்டியாகத்தான் அது கம்பெனியின் ஏட்டில் இருக்கும்.

1. ஓடிபி சொல்லுமுன் ஜாப் கார்டைப் படியுங்கள். வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் தேதி, இடம், கிலோமீட்டர், சார்ஜ் சதவீதம், திரையில் தெரிந்த எச்சரிக்கை எல்லாம் ஏற வேண்டும். 'சிஸ்டத்துல அவ்வளவு அடிக்க முடியாது சார்' என்றால், அங்கேயே நின்று கம்பெனி மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்புங்கள்.

2. குறை வரும்போதே ஓடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு மட்டும்.

3. வண்டியை எடுக்கும்போது மாற்றிய பாகங்களின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். 'திருப்தி' என்று கையெழுத்துக் கேட்டால், 'ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

4. எத்தனை நாள் வண்டி உள்ளே நின்றது, அந்நாட்களில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் என்ன செலவானது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

5. இரண்டு முறை உள்ளே விட்டும் அதே குறை திரும்பினால், தயாரித்த கம்பெனிக்கும் ஷோரூமுக்கும் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். கோபத்தைக் கடிதத்தில் காட்டாமல் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.

6. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீராத புகாரைத் தீர்ந்ததாகக் குறித்தால், தீரவில்லை என்று திருப்பிப் பதிவு செய்யுங்கள்.

7. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் மத்திய அரசின் வாகன் தளத்தில் உள்ள ரீகால் பகுதியிலும் புகார் செய்யலாம். ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரே குறைக்குப் போதுமான புகார்கள் சேர்ந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும்.

கோபம் வேறு வழியில் வெடித்த கதையும் உண்டு. 2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில் சர்வீஸில் வெறுத்துப்போன ஓர் இளைஞர் ஓலா ஷோரூமுக்குத் தீ வைத்துக் கைதானார். அது தீர்வல்ல.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது

பெங்களூரில் வாங்கிய வண்டிக்கு பெங்களூரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று ஓசூரில் பலர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அது பழைய நிலை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் தங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம்.

1. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். 'அடுத்த மாசம் பார்ட்ஸ் வந்துடும்' என்ற பேச்சை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய.

2. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பெரும்பாலான ஸ்கூட்டர்கள் இதில் அடங்கும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம்.

3. தயாரிப்பாளர், விற்றவர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர்மேல் போடுவார்.

4. கேட்பதைப் படிப்படியாகக் கேளுங்கள்: குறையுள்ள பாகத்தை மாற்றுவது, முடியாவிட்டால் வண்டியை மாற்றுவது அல்லது பணத்தைத் திருப்புவது, அதோடு அலைச்சலுக்கு இழப்பீடு. புது வண்டி மட்டும்தான் வேண்டும் என்று நிற்பது ஆபத்து. மாருதி உத்யோக் தொடர்பான 2006 வழக்கில், வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான பொறுப்பு, முழுக் காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்றே உச்ச நீதிமன்றம் பார்த்தது.

5. 'தயாரிப்புக் குறை இல்லை' என்பதுதான் கம்பெனியின் முதல் பதிலாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்க உத்தரவிடுமாறு தொடக்கத்திலேயே மனுவில் கேளுங்கள். சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட நேரிடலாம். பணத்தைப் பார்த்து இதைத் தவிர்த்தால் வழக்கு வலுவிழக்கும். சோதனை முடியும்வரை வெளி மெக்கானிக்கிடம் வண்டியைத் திறந்து காட்டாதீர்கள். அதையே காரணமாக்கி வாரண்டி போச்சு என்பார்கள்.

6. சட்டம் சொல்லும் கெடு 3 மாதம், ஆய்வகச் சோதனை இருந்தால் 5 மாதம். நடைமுறையில் நீளும். நடுவில் சமரசத்துக்கு அழைத்தால் போகலாம். பேசி முடித்ததை ஆணையத்தின் முன் பதிவு செய்த பிறகே மனுவை முடிக்கச் சம்மதியுங்கள்.

7. தீர்ப்பு சாதகமாக வந்தால் கம்பெனி 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.